ஆர்டீல் வார இறுதிக்குப் பேத்தியைத் தயார் செய்த கதையும் முறையும்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள் நியூ ஜெர்சியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஸ்கவுட்ல பாப்பாவை ஓ.ஏ.ங்கற கௌரவ அமைப்புக்குத் தேர்ந்தெடுத்திருக்காங்க. செப்டம்பர்ல ஆர்டீல்னு ஒரு வார இறுதி முகாமாம். பேசக் கூடாதாம், சாப்பாடு கொஞ்சம்தான் தருவாங்களாம், ராத்திரி தனியா வெளியில படுக்கணுமாம். அனுப்பலாமா?" பெருமையும் பயமும் ஒரே மூச்சில் வந்தன.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவள். அதில் பத்தொன்பது ஆண்டுகள் சாரணிய ஆசிரியையாகவும் இருந்தேன். எத்தனையோ பெண்களை ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில அளவிலான சாரணர் விருதின் முகாமுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆனால் இந்த ஓ.ஏ. எனக்குப் புதிது. முதலில் படித்தேன், மகளிடமும் அவர்கள் ட்ரூப்பின், அதாவது சாரணர் குழுவின், ஸ்கவுட் மாஸ்டரிடமும் கேட்டேன். அப்புறம் ஜூலையில் பேத்தி கடலூருக்கு வந்த ஆறு வாரத்தில் அவளைத் தயார் செய்தேன். அமெரிக்காவில் ஸ்கவுட்டில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களின் அப்பா அம்மாவுக்கும், ஊரிலிருந்து கவலைப்படும் தாத்தா பாட்டிகளுக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

ஓ.ஏ. என்பது ஆர்டர் ஆஃப் தி ஆரோ. அமெரிக்க ஸ்கவுட் இயக்கத்துக்குள் இருக்கும் கௌரவ அமைப்பு. 1915 ஜூலையில், டெலவேர் ஆற்றின் நடுவே ட்ரெஷர் ஐலண்ட் என்ற தீவில் நடந்த ஃபிலடெல்ஃபியா ஸ்கவுட் முகாமில் தொடங்கியது. முகாமின் இயக்குநர் உர்னர் குட்மேனும் அவருடைய துணைவர் கேரல் எட்சனும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஸ்கவுட் உறுதிமொழியையும் சட்டத்தையும் அன்றாடம் வாழ்ந்து காட்டுகிற பிள்ளைகளைக் கூட இருக்கும் பிள்ளைகளே அடையாளம் காட்ட வேண்டும் என்பதுதான் யோசனை. 1948-இல் அது தேசிய இயக்கத்தின் முறையான அங்கமானது. 2019-இல் பெண் பிள்ளைகளுக்கான ட்ரூப்புகள் வந்தபின் அவர்களுக்கும் வழி திறந்தது. 2025-இல் தாய் அமைப்பு தன் பெயரை ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாற்றிக்கொண்டது. பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பழைய பெயரில் தேடுகிறவர்கள் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. நம் ராஜ்ய புரஸ்கார் முகாமில் தேர்வாளர் வந்து முடிச்சு போடச் சொல்லுவார், கட்டு கட்டச் சொல்லுவார், முதலுதவி கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார். திறமை இருந்தால் தேறலாம். ஓ.ஏ.வில் தேர்வாளர் கிடையாது. உன்னோடு கூடாரத்தில் படுத்தவர்கள், நீ சமைத்ததைச் சாப்பிட்டவர்கள், உன் கோபத்தைப் பார்த்தவர்கள் வாக்களிக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற முடியாது.

தகுதியாவது எப்படி

மூன்று விஷயங்கள் வேண்டும். பிள்ளை ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற ஸ்கவுட் ரேங்க்கை எட்டியிருக்க வேண்டும். ஸ்கவுட் மாஸ்டரின் ஒப்புதல் வேண்டும். தேர்தலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பதினைந்து இரவுகள் முகாமில் தங்கியிருக்க வேண்டும்.

இந்தப் பதினைந்தில்தான் பலர் தவறுகிறார்கள். அதில் ஒரு நீண்ட முகாம் இருந்தே ஆக வேண்டும், தொடர்ந்து ஐந்து இரவாவது தங்கும் முகாம். பெரும்பாலும் கோடை முகாம் அதற்குச் சரியாக வரும். ஆனால் அதிலிருந்து ஐந்து இரவுகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், இரண்டு கோடை முகாம் போனாலும் ஒன்றுதான் சேரும். மீதிப் பத்து இரவுகளும் வார இறுதியில் போகிற சின்ன முகாம்களில் சேர்க்க வேண்டியவை. குடும்பமாகக் கூடாரம் எடுத்துக்கொண்டு மலைக்குப் போன இரவுகள் இதில் வராது. ஸ்கவுட் அமைப்பின் பொறுப்பில் நடந்த முகாம்தான் கணக்கு. என் மகள் குடும்பச் சுற்றுலாவையும் சேர்த்து எண்ணி வைத்திருந்தாள், நான்கு இரவு குறைந்துபோனது. எந்தத் தேதி, எந்த முகாம், எத்தனை இரவு என்று ஒரு நோட்டில் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள். அப்பா அம்மா கைபேசியில் குறித்து வைப்பதைவிட அது நல்லது.

அப்புறம் தேர்தல். ஆண்டுக்கு ஒரு முறை, லாட்ஜ் என்று சொல்லப்படும் வட்டார ஓ.ஏ. கிளையிலிருந்து இளைஞர் குழு ஒன்று ட்ரூப்புக்கு வந்து நடத்தும். தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் கொடுப்பார்கள். ட்ரூப்பில் உள்ள பிள்ளைகள், ஓ.ஏ.வில் இல்லாதவர்களும் சேர்த்து, ரகசிய வாக்களிப்பார்கள். பட்டியலில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் போடலாம், எல்லாருக்கும் போடலாம், ஒருவருக்கும் போடாமலும் விடலாம். வந்த வாக்குச் சீட்டுகளில் பாதியிலாவது பெயர் இருந்தால் தேர்வு. ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. இது மிக நல்ல ஏற்பாடு.

என் பேத்தி அதற்கு முந்தைய ஆண்டு பட்டியலில் இருந்தாள், தேர்வாகவில்லை. பன்னிரண்டு வயசு. வீடியோவில் கூப்பிட்டு அழுதாள். "எனக்கு எல்லா முடிச்சும் தெரியும் ஆயா, என்னைவிட ரேங்க் கம்மியா இருக்கிறவளுக்குக் கிடைச்சிருக்கு" என்றாள். அழட்டும் என்று விட்டேன். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டேன். "உன் ட்ரூப்ல புதுசா சேர்ந்த சின்னப் பிள்ளைங்க பேரெல்லாம் சொல்லு கண்ணு." ஏழு பேரில் மூன்று பேரைச் சொன்னாள்.

அந்த வருஷம் முழுக்க நான் சொன்னது இவ்வளவுதான்: சின்னவர்களின் பெயரைத் தெரிந்துகொள். முகாம் கலைக்கும்போது கடைசியாக மிஞ்சும் வேலையை எடுத்துக்கொள். அடிப்பிடித்த பாத்திரம், ஈரத் தார்ப்பாய், குப்பைப் பை, இதில் ஏதாவது ஒன்று எப்போதும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யாதே, முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடு. ஓட்டுக்காகச் செய்கிறாயா என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல். அக்டோபருக்குள் அவளுக்கே ஓட்டு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணுக்கு முதல் முகாமில் ராத்திரி வயிறு வலித்ததாம். பெரியவர்களை எழுப்பி, அவர்கள் வந்தபின்னும் அவள் தூங்கும்வரை கூட உட்கார்ந்திருந்தாளாம். இதை மகள்தான் சொன்னாள், பேத்தி சொல்லவில்லை.

உங்கள் பிள்ளை தேர்வாகாவிட்டால் ஸ்கவுட் மாஸ்டரிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அது பிள்ளைகளின் தேர்தல்.

ஆர்டீல் என்றால் என்ன, பெற்றோர் என்ன கேட்கலாம்

தேர்வானவர்கள் உடனே உறுப்பினர் ஆவதில்லை, வேட்பாளர் ஆகிறார்கள். ஆர்டீல் என்ற வார இறுதியை முடித்தால்தான் உறுப்பினர். பொதுவாக வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு காலைவரை இருக்கும். இதில் நான்கு சோதனைகள் உண்டு. முதல் இரவு திறந்த வெளியில் தனியே படுப்பது, மறுநாள் பேசாமல் இருப்பது, குறைந்த உணவோடு இருப்பது, முகாம் நிலத்துக்காக உடலுழைப்புச் செய்வது. கடைசியில் ஒரு சடங்கு.

இந்த நான்கும் ரகசியம் இல்லை, ஓ.ஏ. வெளிப்படையாகவே சொல்கிறது. சடங்கில் என்ன பேசுவார்கள், எப்படி நடக்கும் என்பதை மட்டும் பிள்ளைக்கு ஆச்சரியமாக வைத்திருக்கிறார்கள். அதையும் பெற்றோர் கேட்டால் சொல்லியாக வேண்டும். ஸ்கவுட் இயக்கத்தில் பெற்றோர் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. மகள் கேட்டுத் தெரிந்துகொண்டாள், மனசு ஆறியது. பேத்தியிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இணையத்தில் துருவிப் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்த ராத்திரி பாதிதான் கிடைக்கும்.

நான் மகளைக் கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு. தனியாகப் படுக்கும் பிள்ளைகளுக்கு எத்தனை அடி தூரத்தில் பெரியவர் இருப்பார்? ராத்திரி உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன சைகை? மாதவிலக்கு வந்தால் யாரிடம் போக வேண்டும், கழிப்பறை எங்கே? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெண்பிள்ளை வைத்திருக்கிற யாரும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில்கள் தெளிவாக வந்தன. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியே இருக்கக் கூடாது என்பது அங்கே கறாரான விதி. தனியே படுப்பது என்றால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான்.

உடல்நலப் படிவத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள். 72 மணி நேரத்துக்குள் முடிகிற முகாம் என்பதால் ஏ, பி என்ற இரண்டு பகுதிகள் போதும். டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திடும் சி பகுதி நீண்ட முகாம்களுக்கு. ஆஸ்துமா, ஒவ்வாமை, தினமும் போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். "எழுதினா சேர்க்க மாட்டாங்களோ" என்று மறைக்கவே கூடாது. மருந்தும் தேவையான உணவும் யாருக்கும் நிறுத்தப்படுவதில்லை, தேவைக்கேற்பச் சோதனையைத்தான் மாற்றிக்கொள்வார்கள். சைவம் என்றால் அதையும் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

கடலூரில் ஆறு வாரம்

விமான நிலையத்தில் பேத்தி இடது கையை நீட்டினாள். நானும் இடது கையைக் கொடுத்தேன். சாரணர் கைகுலுக்கல் எந்த நாட்டிலும் அதுதான்.

மௌனத்திலிருந்து தொடங்கினோம். பசிதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மௌனம்தான். முதல் நாள் ஒரு மணி நேரம் வைத்தேன். பத்து நிமிஷத்தில் சைகை தொடங்கிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று கட்டைவிரலைக் காட்டுவது, புருவத்தைத் தூக்குவது, மேசைமேல் விரலால் எழுதுவது. வாய் மூடியிருந்தது, பேச்சு நிற்கவில்லை. அடுத்த முறை சைகையும் வேண்டாம், தாளும் வேண்டாம் என்றேன். நான் சாரணியர்களுக்கு ஊதுவது போல விசிலை ஒரு முறை நீளமாக ஊதினால் தொடக்கம். மறுபடி ஊதினால் முடிவு.

மூன்றாவது முறை காலை ஆறிலிருந்து பகல் பன்னிரண்டு. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக்கீரை கொண்டுவந்தார். "பாப்பா எப்ப வந்தே? நல்லா இருக்கியா?" பேத்தி என்னைப் பார்த்தாள், நான் எங்கோ பார்த்தேன். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அது சரிதான் என்றேன். வீட்டுக்கு வந்தவரை வாய் திறக்காமல் நிற்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் அடுத்த முறை இடத்தை மாற்றினேன். விடிகாலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய், ஆள் குறைந்த பக்கம் அரை நாள். அங்கே மௌனத்தோடு ஒரு வேலையும் கொடுத்தேன், மணலில் கிடக்கும் பிளாஸ்டிக்கைச் சாக்கில் பொறுக்குவது. கை வேலையில் இருந்தால் மௌனம் தானாக நிற்கிறது. இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அவள் கண்டுபிடித்தாள். "பேசாம இருக்கும்போது வேலை சீக்கிரம் ஆகுது ஆயா, ஆனா மனசு ரொம்ப பேசுது" என்றாள்.

ஒரு விதியை மட்டும் தினமும் சொல்லவைத்தேன்: அடிபட்டால், தலை சுற்றினால், பயமான எதையாவது பார்த்தால், யாராவது தப்பாக நடந்தால் மௌனம் அந்த நொடியே முடிந்தது. உரக்கக் கூப்பிடு. கீழ்ப்படிகிற பிள்ளைகள்தான் இதில் ஏமாறுவார்கள். முள் குத்தியதைச் சொல்லாமல் மாலைவரை நடந்த ஒரு சாரணிப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், கால் சீழ் பிடித்து ஒரு வாரம் படுத்தாள்.

இரண்டாவது, இரவு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோரைப்பாய், கொசுவலை. வலையின் நான்கு மூலையையும் அவளே கட்டினாள். நான் மாடிப்படியின் கீழே படுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு இறங்கி வந்துவிட்டாள். தென்னையில் ஆந்தை கத்தியிருக்கிறது. திருப்பி அனுப்பவில்லை, என் பக்கத்தில் படுக்கவைத்தேன். மறுநாள் சாயங்காலம் இருட்டுவதற்கு முன் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து, ராத்திரி கேட்கக்கூடிய சத்தங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னோம். பக்கத்து வீட்டு மோட்டார். கடைசிப் பேருந்து. பல்லி. காய்ந்த மட்டை விழுவது. காற்று கிழக்கே இருந்து வந்தால் கடல். ஆந்தைக்கு அவளே ஒரு பட்டப்பெயர் வைத்தாள். அன்று விடியும்வரை தூங்கினாள்.

இந்த முறையை எல்லாருக்கும் சொல்வேன். பெயர் தெரிந்த சத்தம் பாதி பயத்தைக் குறைக்கும். நியூ ஜெர்சிக் காட்டில் நம் ஊர்ச் சத்தங்கள் இருக்காதே என்று, ஊருக்குத் திரும்பியதும் வீட்டுப் பின்கட்டில் ஒரு இரவு படுக்கவைக்கச் சொன்னேன். அங்கே மான் நடக்கும் சத்தம், பூச்சிகளின் ரீங்காரம், ஓக் மரத்துக் காய் பொத்தென்று விழுவது எல்லாம் கேட்டு எழுதிவைத்தாள்.

ஒரு இரவு மழை பிடித்துக்கொண்டது, நல்லதாகப் போயிற்று. தார்ப்பாயைக் கீழே விரிக்கும்போது படுக்கைப் பையைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதில் விழும் தண்ணீர் எல்லாம் அடியில் ஓடிவந்து தேங்கும். விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும். சொல்லிக் கேட்காத பிள்ளை ஒரு தடவை முதுகு நனைந்தால் கற்றுக்கொள்ளும். கடலூரில் நனைந்தால் தாங்கிக்கொள்ளலாம், செப்டம்பர் ராத்திரி அங்கே குளிரும்.

உணவுக்கு ஆடி மாதம் கைகொடுத்தது. பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது, வளர்கிற பிள்ளை. குறைவாகச் சாப்பிட்டுவிட்டு எரிச்சல் இல்லாமல் இருப்பதுதான் பழக்கம். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்த அன்று காலை ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய். அதோடு நின்று வரிசையில் வருகிறவர்களுக்கு ஊற்ற வேண்டும். தன் பசியை நினைக்க நேரமில்லை. பதினோரு மணிக்கு நானே கூப்பிட்டு இன்னொரு சொம்பு கொடுத்தேன். தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குறைக்காதீர்கள். வெயிலில் வேலை செய்யும்போது அரை மணிக்கு ஒருமுறை குடித்தே ஆக வேண்டும்.

வடலூருக்கும் ஒரு நாள் போனோம். வள்ளலார் 1867-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, பசித்து வருகிற யாரும் சாப்பிடலாம். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்தபின் இடத்தைக் கூட்ட விளக்குமாறு கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஓ.ஏ.வின் முழுப்பெயரை டெலவேர் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் மொழியில் வைத்திருக்கிறார்கள், மகிழ்ச்சியோடு தொண்டு செய்கிறவர்களின் சகோதரத்துவம் என்று பொருள். அந்த 'மகிழ்ச்சியோடு' எப்படி இருக்கும் என்று வாயால் விளக்க எனக்குத் தெரியவில்லை. அங்கே இலை போடுகிற ஒரு பெரியவரின் முகத்தைப் பார் என்றேன்.

உழைப்புக்குக் கேப்பர் மலைப் பக்கம் என் கொழுந்தனாரின் முந்திரிக் கொல்லை. செம்மண். களை வெட்டுவது, காய்ந்த கிளைகளை இழுத்து ஓரத்தில் குவிப்பது. முதல் நாள் அரை மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம். மண்வெட்டியை இறுக்கிப் பிடித்ததுதான் காரணம். ஓங்கும்போது ஒரு கை நழுவி மேலே வர வேண்டும், விழும்போது மண்வெட்டியின் கனமே வேலை செய்ய வேண்டும். குனிவது முட்டியில், இடுப்பில் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள், போட்டுக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்தில் தொடங்கி, கடைசி வாரம் நிழல் பார்த்து இடைவெளி விட்டு நான்கு மணி நேரம் செய்தாள்.

அந்தக் கொல்லையில் மரங்களெல்லாம் வயசில் சின்னவை. ஏன் என்று கேட்டாள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் பள்ளிக்குப் போகிற தெருவையே மரங்கள் அடைத்துக் கிடந்தன. என் சாரணியர் பதினோரு பேர் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை, கூப்பிட ஃபோன் வேலை செய்யவில்லை. அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு அவர்களாகவே வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேர் வீட்டுக்குக் கூரையே இல்லை. இதைச் சொன்னபோது பேத்தி ஒன்றும் பேசவில்லை, அன்று மௌன நாளும் இல்லை.

மூட்டை கட்டும்போது

லாட்ஜிலிருந்து பட்டியல் வரும், அதன்படி எடுங்கள். அதில் இல்லாத சில குறிப்புகள் மட்டும் சொல்கிறேன்.

நம் அம்மாக்கள் பருத்திதான் நல்லது என்று அடுக்குவார்கள். நம் வெயிலுக்குச் சரி. அங்கே குளிரில் பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே சீக்கிரம் காய்கிற துணி, மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ். படுக்கும்போது போட ஒரு ஜோடிக் காலுறை தனியாக, பிளாஸ்டிக் பையில். வேலைக்குப் பழைய உடுப்பு, மூடிய பழகின ஷூ. புது ஷூ கூடவே கூடாது. நியூ ஜெர்சிக் காட்டில் உண்ணி உண்டு, லைம் நோயைப் பரப்பும். முழுக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும், ராத்திரியும் வீட்டுக்கு வந்ததும் முட்டி மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். சடங்குக்கு முழுச் சீருடை வேண்டும், அதைக் கசங்காமல் தனியே சுற்றிவைக்கவும். மாதவிலக்குக்கு வேண்டியவை நாள் தள்ளி இருந்தாலும் இருக்கட்டும். கைபேசி வேண்டாம்.

சாமான்களை எல்லாம் பிள்ளையே அடுக்கட்டும். இருட்டில் டார்ச் எந்தப் பையில் என்று அவள் கைக்குத் தெரிய வேண்டும், அம்மா கைக்குத் தெரிந்து பயனில்லை. கண்ணை மூடிக்கொண்டு டார்ச், தண்ணீர், மழைக்கோட்டு மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அந்த வார இறுதி

வேட்பாளர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவோடும் எலங்கோமாட் என்று ஒருவர் இருப்பார், லெனாப்பே மொழியில் தோழர் என்று பொருள். ஏற்கெனவே ஆர்டீல் முடித்த ஸ்கவுட். மேற்பார்வை பார்க்க வருபவர் அல்ல. தானும் பேசாமல், அதே குறைந்த உணவைச் சாப்பிட்டு, அதே வேலையைத் திரும்பவும் செய்கிறவர். யாரைப் பார்த்து நடப்பது என்று குழம்பினால் அவரைப் பார்த்தால் போதும்.

வேலை முகாமுக்கு முகாம் மாறும். பேத்தியின் குழு மழையில் அரித்த நடைபாதையைச் சரி செய்து, ஓரத்தில் மரத்துண்டு பதித்ததாம். மதியத்துக்குமேல் ஒரு பெண்ணுக்குச் சோர்வு வந்து கண் கலங்கியிருக்கிறது. இவள் பேச முடியாது. பக்கத்தில் போய் அவள் தூக்கிக்கொண்டிருந்த மரத்துண்டின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாளாம். அங்கே மௌனம் எதற்கு என்று தனக்கு அப்போதுதான் புரிந்தது என்றாள்.

பெற்றோர் செய்ய வேண்டியது கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும். நடுவில் ஸ்கவுட் மாஸ்டருக்கு ஃபோன் போட்டு "சாப்பிட்டாளா" என்று கேட்காதீர்கள். ஏதாவது ஆனால் அவர்களே கூப்பிடுவார்கள். மகள் அந்தச் சனிக்கிழமை என்னை ஆறு தடவை கூப்பிட்டாள், ஆறு தடவையும் எடுத்தேன். அதுவும் ஒரு உதவிதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரும்போது உடனே எல்லாவற்றையும் கேட்காதீர்கள். சோறு போடுங்கள், தூங்கவிடுங்கள். சடங்கைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். எனக்குத் திங்கட்கிழமை வந்தது, ஒன்றரை மணி நேரம்.

வலது தோளில் குறுக்கே போடும் வெள்ளைப் பட்டையில் ஒரு சிவப்பு அம்பு இருக்கிறது. இதோடு முடிந்தது என்று அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. ஆறு மாதம் உறுப்பினராக இருந்தபின் பிரதர்ஹுட் என்ற அடுத்த நிலைக்குப் போகலாம், அம்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிவப்புக் கோடு சேரும். அதற்குப் புது வேலைச் சோதனை கிடையாது. ஆர்டீலில் என்ன கேட்டோம், என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதைப் புரிந்து சொல்ல வேண்டும். அதனால் ஆர்டீல் முடிந்த வாரத்திலேயே நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், யாரிடமும் காட்டத் தேவையில்லை. நடுவில் லாட்ஜின் ஒரு வேலை நாளுக்காவது போகட்டும்.

பேத்திக்கு மார்ச்சில் ஆறு மாதம் முடிகிறது. அதற்கு முன் வசந்த காலத்து ஆர்டீலுக்கு எலங்கோமாட்டாக நிற்கப் பெயர் கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டாள். லாட்ஜில் கேள், வேண்டும் என்றால் உடனே கொடு என்றேன். கேழ்வரகு மாவு இரண்டு கிலோ அரைத்துக் காயவைத்திருக்கிறேன், இந்த மாதம் நியூ ஜெர்சிக்குப் போகிற ஒருவர் எடுத்துப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார்.